டப்பர்பாக்ஸ்: பேசுவது ஹீல், எழுதியது யார்?

மல்யுத்த ரோல்பிளேயில், அதாவது பாத்திரமாக மாறி எழுதும் விளையாட்டில், ஹீல் என்ற வில்லனை எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. பாத்திரம் வாய்க்கு வந்ததைப் பேசும், பழி எழுதியவர் தலையில் விழும். "இவை என் பாத்திரத்தின் கருத்துகள் மட்டுமே" என்று மேலே ஒரு வரி போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. பாத்திரத்துக்கும் எழுதுகிறவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்க, டிஸ்கார்டு அரட்டைத் தளத்தில் பலரும் நாடும் கருவி டப்பர்பாக்ஸ். நல்ல கருவிதான். ஆனால் அதன் ஓட்டைகள் தெரியாமல் ஒரு மோசமான ஹீலை அதன் கையில் கொடுக்கக் கூடாது.

வேலை செய்யும் விதம் எளிது. பாத்திரத்துக்கு ஒரு பெயர், ஒரு படம், ஒரு ஜோடி குறிகள் என்று பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் குறிகளுக்குள் ஒரு உரையை அனுப்பினால், கருவி அசல் செய்தியை அழித்துவிட்டு, அதையே வெப்ஹுக் என்ற, வேறு பெயரில் செய்தி போடும் வசதி வழியாகப் பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் மறுபடி போடும். ப்ரோமோ, அதாவது எதிரியைச் சீண்டும் பாத்திரத்தின் உரை, முடிந்த கையோடு அதே ஆள் தன் சொந்தப் பெயரில் "நாளைக்கு உங்க பதிலுக்குக் காத்திருக்கேன், நிதானமா எழுதுங்க" என்று கீழே எழுதலாம். இரண்டு பெயர், இரண்டு முகம், இரண்டு குரல். எச்சரிக்கை வரி ஒருநாளும் தராத தெளிவு இது.

நிறுவும்போதே முதல் தவறு நடக்கும். கருவிக்குச் செய்திகளை நிர்வகிக்கும் அனுமதியும் வெப்ஹுக்குகளை நிர்வகிக்கும் அனுமதியும் சேர்ந்தே வேண்டும். முதலாவதை மறந்தால் அசல் செய்தி அழியாது. ஒரே வசை இரண்டு முறை நிற்கும், அதில் ஒன்று எழுதியவரின் சொந்தப் பெயரில். அதனால் முதல் சோதனையை யாரும் இல்லாத சேனலில், ஒரு சாதுவான வாக்கியத்தை வைத்துச் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அசல் செய்தி ஒரு நொடி தலைகாட்டி மறைவது உண்டு. கருவி அந்த நேரத்தில் முடங்கிக் கிடந்தால் அது மறையாமலே நிற்கும்.

குறிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண அடைப்புக்குறியை வைத்தால், சும்மா பேசும்போது அடைப்புக்குறிக்குள் எழுதியதெல்லாம் ஹீலின் வாயில் போய்விடும். பாத்திரப் பெயரின் முதல் எழுத்தோடு இரட்டைக் கோலன் போன்ற, பேச்சில் தானாக வராத ஒன்று நல்லது. குறியை மறப்பது இதைவிட ஆபத்து. ப்ரோமோவை வேறு இடத்தில் முழுக்க எழுதி, முன்னும் பின்னும் குறி போட்டு முடித்த பிறகுதான் சேனலில் ஒட்ட வேண்டும்.

அடுத்தது நீளம். டிஸ்கார்டில் ஒரு செய்திக்கு 2000 எழுத்துக்குறிகள்தான் வரம்பு, சந்தா கட்டாத எல்லோருக்கும் இதே கணக்கு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் சுருங்கும். "மல்யுத்தம்" நம் கணக்கில் ஆறு எழுத்து. கணினிக்கோ அது பத்து, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கொம்பும் தனி எண்ணிக்கை. ஆக ஒரு செய்தியில் ஏறத்தாழ 200 சொற்கள் போகும். 1000 சொல் ப்ரோமோ ஐந்து துண்டாகும். எச்சரிக்கை வரி முதல் துண்டில் மட்டும் இருக்க, நான்காவது துண்டை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தால் அங்கே நிற்பது வெறும் வசை. தீர்வு பாத்திரத்தின் பெயரிலேயே இருக்கிறது: பெயரோடு "ஹீல் பாத்திரம்" என்று சேர்த்துப் பதிந்துவிடுங்கள். வெப்ஹுக் பெயருக்கு 80 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு, தாராளம். எந்தத் துண்டைக் கிழித்தெடுத்தாலும் அந்த அடையாளம் கூடவே போகும்.

இனி, படிக்கிறவர்கள் பக்கம். இங்கேதான் கருவிக்கு மதிப்பெண் குறைகிறது. ஒருவரை நீங்கள் பிளாக் செய்திருந்தாலும் அவருடைய பாத்திரம் பேசுவது உங்களுக்குத் தெரியும். அது வெப்ஹுக் போட்ட செய்தி, அவர் போட்டதாக டிஸ்கார்டு கருதாது. எழுதியவர் பெயரை வைத்துத் தேடினாலும் அது அகப்படாது. முகமூடி எழுதுகிறவரைக் காப்பதைப் போலவே தொல்லை கொடுக்கிறவரையும் ஒளித்துவைக்கும். பாத்திரச் செய்தியின்மேல் கேள்விக்குறி எமோஜியை வைத்தால், எழுதியது யார் என்று கருவி தனிச்செய்தியில் சொல்லிவிடும். இதைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். நடத்துகிறவர்கள், எந்தப் பாத்திரச் செய்தியை யார் போட்டார் என்று குறித்துவைக்கும் பதிவுச் சேனல் ஒன்றையும் கட்டாயம் இணைக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஹீல் எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தடைச்சொற்களைத் தடுக்கும் டிஸ்கார்டின் ஆட்டோமாட் வடிகட்டி உதவும், ஆனால் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. அது முழுச் சொல்லைத்தான் பார்க்கும். நம் சொற்களோ உருபேறி நீளும். தடைச்சொல்லுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போடாவிட்டால் "-ஐ", "-க்கு", "-கள்" சேர்ந்த வடிவங்கள் எல்லாம் நழுவிவிடும். கடுமையான ப்ரோமோக்களுக்கு வயது வரம்பிட்ட தனிச் சேனல் வைப்பதும், மிக மோசமான வரிகளை இருபுறமும் இரட்டைச் செங்குத்துக் கோடு போட்டு மறைப்பதும் நல்ல பழக்கம். விரும்பியவர் தொட்டுப் படிப்பார்.

எந்தக் கருவியும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ப்ரோமோவில் வசனம் போக, விவரணையும் வரும். எழுதியவரின் மனம் அகப்படுவது அங்கேதான், அதுவும் தமிழில் ஒரே விகுதியில். "அவர் மேடை ஏறினார். அவள் பயந்து பின்வாங்கினாள்" என்று எழுதிப் பாருங்கள். திமிர் பிடித்த ஹீலுக்கு "அவர்", அவன் அவமதிக்கிற பெண்ணுக்கு "அவள்". கதைசொல்லியே ஹீலின் பக்கம் போய் நின்றாயிற்று. பெயர்மாற்றமும் முத்திரையும் இதைத் திருத்தாது. அதேபோல் "அவன்தான் உண்மையான சாம்பியன்" என்ற வரி விவரணையில் நின்றால் அது எழுதியவரின் தீர்ப்பு. "அவன்தான் உண்மையான சாம்பியனாம்" என்றால் அது அவன் பீற்றல். அந்த ஒரு "ஆம்" பத்து எச்சரிக்கை வரிகளுக்குச் சமம்.

எதைப் பேசலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். எதிரியின் தோல்விக் கணக்கு, கோழைத்தனம், முறிந்த கூட்டணி எல்லாம் ஹீலுக்குத் தீனி. எதிரே எழுதுகிறவரின் உடல்நிலை, குடும்பம், வேலை எதுவும் ஹீலுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இனம், மதம், சாதி, பாலினம் பற்றிய வசைகளை எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. சம்மதம் இருந்தாலும், பெரும்பாலும் அவை எழுத்துக்கு எந்த வலுவும் சேர்ப்பதில்லை. பாத்திரம் பேசியது என்பதற்காக டிஸ்கார்டின் வெறுப்புப் பேச்சு விதி தளர்ந்துகொடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

தொழில்முறை மல்யுத்தத்திலேயே முகமூடி தாங்காத தருணங்கள் உண்டு. 2004 ஜூனில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஹீலாக இறங்கிய மல்யுத்த வீரர் ஜேபிஎல், பார்வையாளர்கள் முன் நாஜி பாணி வணக்கம் வைத்தார். அவரைப் பொருளாதார விமர்சகராக வைத்திருந்த சிஎன்பிசி தொலைக்காட்சி உடனே விலக்கியது. பாத்திரத்தின் செய்கை என்ற விளக்கம் எடுபடவில்லை. 2005 ஜூலை 4 அன்று பதிவான ஸ்மாக்டவுன் மல்யுத்த நிகழ்ச்சியில் முகமது ஹசன் என்ற அரபு அமெரிக்க ஹீலுக்காக முகமூடி அணிந்தவர்கள் அண்டர்டேக்கர் என்ற வீரரைத் தாக்கினார்கள். அது ஒளிபரப்பான ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பு நாளாக அமைந்தது. அந்தப் பாத்திரம் தொலைக்காட்சியிலிருந்தே மறைந்தது. அதை நடித்த மார்க் கோப்பானி இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். எழுதிய நாளும் வெளியிடும் நாளும் வேறாக இருந்தால், அனுப்பும் முன் அன்றைய செய்திகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பதிவுச் சேனலும் பெயரிலேயே அடையாளமும் இருந்தால் நான்கு.

புகார் வந்தால் பாத்திரத்தின் குரலில் பதில் சொல்லவே சொல்லாதீர்கள். சொந்தப் பெயரில் வந்து, எது காயப்படுத்தியது என்று நேராகக் கேளுங்கள். எழுதியவர் தன் பாத்திரச் செய்தியின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி எமோஜியை வைத்தால் கருவி அதை அழித்துவிடும். ஐந்து துண்டென்றால் ஐந்திலும் வைக்க வேண்டும்.