ஆப்பா, தூளா, சம்மட்டியா? வெடி வைக்காமல் கல்லுடைத்த கதை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவுக்குள் ஒரு பாறை, பக்கத்து மதிலிலிருந்து இரண்டடி தள்ளிக் கிடந்தது. வெடி வைக்க அனுமதி எடுத்து, அயலவரையும் சமாதானப்படுத்துவது நடக்கிற காரியமில்லை. பிரேக்கர் பூட்டிய இயந்திரம் ஒழுங்கைக்குள் திரும்பாது. கோணேசர் மலையை வாளால் பிளந்த இராவணனிடம் கேட்கவும் வழியில்லை. மிஞ்சியவை ஆப்பு, விரியும் தூள், சம்மட்டி, நெருப்பு.

முதலில் ஒரு விஷயம். கல்லும் கொங்கிறீற்றும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கொங்கிறீற்றின் இழுவைப் பலம் அதன் அமுக்கப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். நடுப்பாறையில் சம்மட்டியால் போட்டால் கை வலிப்பதற்குக் காரணம் இதுதான். ஆப்பும் தூளும் உள்ளே இருந்து பிரித்துத் தள்ளுகின்றன.

ஆப்பு முறை பழையது. அநுராதபுரப் பக்கம் பாறைகளின் ஓரத்தில் வரிசையாக வெட்டிய சின்னக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். இப்போது ஒரு துளைக்கு ஓர் இரும்பு ஆப்பும் இரண்டு அரைவட்டத் தகடுகளும் போதும். 20 மில்லிமீற்றர் துளைகள், அரைச் சாண் இடைவெளியில், ஒரே கோட்டில். தகடுகள் கோட்டுக்கு இரு பக்கமும் நிற்க வேண்டும். திருப்பி வைத்தால் கல் குறுக்கே வெடிக்கும். நான் முதல் துளையில் அப்படித்தான் வைத்தேன். உதவிக்கு வந்த வயதான மேசன் பார்த்துவிட்டு, "தம்பி, கோட்டை மறந்திட்டியள்" என்று எடுத்துத் திருப்பி வைத்தார்.

பிறகு ஆப்புக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் எல்லா ஆப்புகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்றையே போட்டு அடித்தால் அது இறுகிச் சிக்கும். நாலைந்து சுற்றில் 'டக்' என்ற சத்தம் 'ணங்' என்று மாறும். அப்போது நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். நாங்கள் திரும்பி வந்தபோது துளைக்குத் துளை தலைமயிர் போல ஒரு கோடு ஓடியிருந்தது. வெடிப்புக்குள் விரல் விட்டு ஆப்பை இழுக்காதீர்கள். ஆப்பிழுத்த குரங்கின் கதை தெரியும்தானே.

தூள் என்பது பெரும்பாலும் நீற்றாத சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் ஊதும். துளைக்குள் ஊத இடமில்லாததால் கல்லைத் தள்ளும். 38 மில்லிமீற்றர் துளை, ஏறக்குறைய ஓரடி இடைவெளி, 5 கிலோவுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். கரைத்த ஐந்து, பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடித்தால் மறுநாள் காலையில் வெடித்திருக்கும். சத்தமில்லை, அடியில்லை. தடித்த அத்திவாரத்துக்கும் கிணற்றடிப் பாறைக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வெப்பநிலைக்கு ஏற்பத் தூளில் வகை உண்டு. குளிர்காலத் தூளை நம் ஊரில் ஊற்றக் கூடாது. கச்சான் காற்று வீசிய ஒரு மத்தியானம், வகை சரியாக இருந்தும், மொட்டைமாடித் தாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கால் மணி நேரத்தில் ஒரு துளை பீறிட்டது. கன்னியா வெந்நீரூற்று வளவுக்கே வந்துவிட்டது போல ஆவியும் சுண்ணாம்பும். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. மாலையில், குளிர்ந்த தண்ணீரில் கரையுங்கள். ஊற்றியபின் துளைக்கு மேலே குனியவே வேண்டாம்.

எது மலிவு? கணக்கு துளையில்தான் நிற்கிறது. 20 மில்லிமீற்றர் துளையைக் கையில் பிடிக்கும் சாதாரணத் துளை மெஷின் போடும். 38 என்றால் மெஷினும் பெரிது, நேரமும் பெரிது. திருகோணமலைக் குன்றுகளின் குவார்ட்சைட் என்ற கடும்பாறை வேறு, அலகைத் தின்னும். தூள் ஒரு தடவையோடு சரி. ஆப்பை அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். அதனால் வெளியே தெரியும் பாறைக்கு என் வாக்கு ஆப்புக்கே.

நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி இன்னும் சிலர் சொல்வார்கள். உடையும்தான், 573 பாகை செல்சியஸில் கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும். ஆனால் சில்லுகள் எந்தப் பக்கம் பறக்கும் என்று யார் சொல்வது? கிணற்றுக்குள் என்றால் புகையே ஆளை முடித்துவிடும். வேண்டாம்.

மெல்லிய கொங்கிறீற்றுத் தளத்துக்கு ஆப்பும் தூளும் வீண். அலவாங்கால் ஓரத்தை ஓர் அங்குலம் நெம்பி, அடியில் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுச் சம்மட்டியால் போடுங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் தளம் வளைந்து ஒடியும். கம்பி போட்டதென்றால் உடைந்த துண்டுகள் கம்பியில் தொங்கும். ஹெக்ஸோ வாளோடு ஒரு பகல் போகும். எங்கள் பழைய குளியலறைத் தளத்தில் கம்பி இல்லை, காலைச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

பாறையின் இரண்டு துண்டுகள் இப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லாகக் கிடக்கின்றன. ஓரத்தில் பாதித் துளைகள் வரிசையாகத் தெரியும். அம்மா அவற்றில் ஒன்றில்தான் சவர்க்காரத் துண்டைச் செருகி வைக்கிறார்.