கோப்பைக் கடை அனுபவம்: கண்ணாடி வேலை அருமை, சந்திரசேகர்தான் 'சந்திரசகேர்' ஆகிவிட்டார்

எங்கள் சின்ன வானியல் குழு வருடா வருடம் வான் இயற்பியலில் நல்ல ஆய்வு செய்யும் மாணவர் ஒருவருக்கு, வான் இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரில் விருது கொடுக்கிறது. வானியலுக்கு ஹாங்காங்கில் தரும் ஷா பரிசு மாதிரி 12 லட்சம் அமெரிக்க டாலர் எல்லாம் கிடையாது, 200 சிங்கப்பூர் வெள்ளிக்குப் புத்தகப் பற்றுச்சீட்டு, ஒரு கண்ணாடிக் கேடயம், அவ்வளவுதான். அந்தக் கேடயம் செய்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. இந்த வருடம் பரிசு வாங்கிய தொடக்கக் கல்லூரி மாணவி, டிசம்பர் மழைக்கு நடுவே கிடைத்த இரவுகளில் எல்லாம் தன் புளோக் கார்பார்க்கின் மொட்டை மாடியில் கேமராவோடு நின்று அல்கோல் விண்மீனை அளந்தவள். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கலான துணை விண்மீன் குறுக்கே வந்து மறைக்கும், அப்போது வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அவள் வரைந்த வெளிச்ச வரைபடத்தில் விழும் அந்தப் பள்ளத்தைக் கண்ணாடிக்கு உள்ளேயே லேசரில் புள்ளி புள்ளியாகச் செதுக்கியிருக்கிறார்கள். விளக்கடியில் வைத்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். 68 வெள்ளிக்கு இது கொள்ளை மலிவு.

தமிழ் எழுத்துதான் தகராறு. 'சே'யின் இரட்டைக்கொம்பு 'ச'வை விட்டுவிட்டு 'க'வுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. 19 வயதில், 1930இல், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) ஓர் எல்லைக்கு மேல், இன்றைய கணக்கில் சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல், கனக்க முடியாது என்று கணக்குப் போட்டவர், நோபலுக்கு 1983 வரை காத்திருந்தவர், அவர் பெயருக்கு இந்தக் கதி! கடைக்கார அங்கிள், "நீங்க அனுப்புனதைத்தான் அப்படியே போட்டேன்" என்று ஆங்கிலத்தில் சாதித்தார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை, அவர் கம்ப்யூட்டருக்குத்தான் கொம்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுத்துகளைப் படமாக மாற்றி பிடிஎஃப்பில் கொடுத்ததும் சரியாக வந்தது, இரண்டாவது கேடயத்துக்குப் பாதி விலைதான் வாங்கினார்.

எனவே போங்கள், ஆனால் தமிழை வாட்ஸாப்பில் தட்டி அனுப்பாதீர்கள், செதுக்குவதற்கு முன் மாதிரிப்படம் கேளுங்கள். அப்புறம் ரசீதையும் பாருங்கள். எங்களுடையதில் 'ஆஸ்ட்ராலஜி அவார்ட்' என்று இருக்கிறது, ஜோதிடத்துக்கு எப்போது பரிசு கொடுத்தோம் என்று கேட்டுக்கொண்டு பொருளாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.