ஏடிவிக்கு நீள மிக்சர் ஸ்க்ரூ வாங்க பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் கவனம்

கொழும்புக்குள் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர பைக்) ஓட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் சிலாபம், குருநாகல் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருப்பவர்கள் பார்ட்ஸ் தேடி வருவது கொழும்பில் வாகனப் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குத்தான். அப்படி வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பார்த்தே ஒரு கடையில் ஒரு விளையாட்டு நடக்கிறது. என் மச்சானின் தோட்டத்து வண்டிக் காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) அதில் மாட்டியது. முறைப்பாடு செய்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

விஷயம் இதுதான். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்பதை, காபரேட்டரின் அடியில் எஞ்சின் பக்கமாக இருக்கும் சின்னப் பித்தளை ஸ்க்ரூ ஒன்று தீர்மானிக்கிறது. அதுதான் மிக்சர் ஸ்க்ரூ. சில வண்டிகளில் கம்பெனியே அதன் மேல் ஒரு மூடியை அடித்துவிட்டிருக்கும். மூடியைக் கழற்றினாலும் கஷ்டம்தான். மேலே டாங்கி, கீழே எஞ்சின், பக்கத்தில் கொதிக்கிற சைலன்சர் பைப். திருப்புளி நேராக நுழைய இடமே இல்லை. எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டுக்கொண்டுதான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதால் கை சுடாமல் வேலை முடியாது. அதனால்தான் தலை நீண்ட, விரலாலேயே திருகக்கூடிய ஸ்க்ரூக்கள் விற்பனைக்கு வருகின்றன. சரியானது கிடைத்தால் அருமையான சாமான்.

கடைக்காரர் எடுத்து வைத்ததில் தண்டு இரும்பு, தலை சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினியம். "எல்லா மிக்குனிக்கும் சரிவரும் தம்பி, ஜப்பான் சாமான்" என்றார். மிக்குனி என்பது ஜப்பான் காபரேட்டர் கம்பெனி. விலை 4,500 ரூபா. எல்லா மிக்குனிக்கும் சரிவரும் ஸ்க்ரூ என்று ஒன்று கிடையவே கிடையாது. மாடலுக்கு மாடல் மரை மாறும், நீளம் மாறும், நுனியின் சரிவு மாறும். பழைய ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதன் நுனி ஊசி மாதிரி மெலிந்து இறங்கியது. புதியது பாதியிலேயே மொட்டையாக நின்றது. கேட்டதற்கு, "அது புது டிசைன்." ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் எங்கே என்றேன். "பழசையே போடலாம்." சரிவராவிட்டால் காசு திரும்பும், கடைக்குப் பின்னால் இருக்கிற மெக்கானிக் பாஸே இலவசமாகப் பூட்டித் தருவார் என்று வாயால் உறுதி சொன்ன பிறகுதான் காசைக் கொடுத்தேன். பில்லில் "ஸ்க்ரூ 1" என்று மட்டும் எழுதியிருந்தது.

விரலால் கொஞ்சம் போனது, பிறகு இறுகியது. நிறுத்துங்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, பாஸ் பிளையரால் தலையைப் பிடித்து ஒரு திருகு. வெளியே எடுத்தபோது ஸ்க்ரூவின் மரைக்குள் வெள்ளி நிறத்தில் பொடிப் பொடியாக உலோகத் துகள். அது காபரேட்டரின் உடலிலிருந்து வந்தது. பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டால் அதுவும் ஆடியது.

உடனே கடைக்காரர், "உங்கட காபரேட்டர் ஏற்கெனவே முடிஞ்சது தம்பி" என்று சொல்லி அலுமாரியிலிருந்து "ஒரிஜினல்" ஒன்றை இறக்கினார். 38,000 ரூபாவாம்! அதன் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணத்தைக் கழற்றச் சொன்னேன். உண்மையான மிக்குனி ஜெட்டில் (பெற்றோல் போகும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு) எண்ணும், சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரையும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. வேண்டாம் என்றதும் முகம் மாறிவிட்டது. ஸ்க்ரூ காசைக் கேட்டால், "பாவிச்ச சாமானை எடுக்க மாட்டோம்." பாவித்தது அவருடைய ஆள்! கடைசியில் ஒரு லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளைப் புஷ் (குழாய் மாதிரி வளையம்) இறுக்கி, புது மரை வெட்டித்தான் காபரேட்டரைக் காப்பாற்றினேன்.

அந்தத் தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. நானே வருடக்கணக்காக அங்கேதான் வாங்குகிறேன். எந்தக் கடையாக இருந்தாலும், காபரேட்டரின் மாடல் எண்ணைச் சொல்லி, ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் மூன்றும் சேர்ந்த செட்டாகக் கேளுங்கள். கடுகளவு ஓ-ரிங்தானே என்று விட்டால் மரை வழியாகக் காற்று இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும், சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் அதிர்வில் ஸ்க்ரூ தானாகவே கழன்று விழும். பூட்டும்போது விரலால் மட்டும், கடைசி வரை. அடியில் தட்டுப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் நுனி முறிந்து ஓட்டைக்குள்ளேயே சிக்கிவிடும். பழைய ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன், அது உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்து வையுங்கள், புதியதை அடியில் தட்டியதும் அத்தனை சுற்று வெளியே எடுத்து வைக்கத்தான்.

காசு செலவழிக்காமலும் வழி இருக்கிறது. காபரேட்டரை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ரப்பர் குழாய்களின் கிளிப்பைத் தளர்த்தினால் அந்த ரப்பருக்குள்ளேயே காபரேட்டரைக் கொஞ்சம் சரிக்கலாம், ஸ்க்ரூ கைக்கு எட்டும். ஓடவிடுவதற்கு முன் நிமிர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் பிசகும். வளைந்த குட்டைத் திருப்புளி ஒன்று இருந்தால் இதுகூடத் தேவைப்படாது. இன்னொன்று, ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அநேகமாக ஐட்லிங்குக்குப் பெற்றோல் கொடுக்கும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. அதற்கு நீள ஸ்க்ரூ ஒன்றும் செய்யாது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

பில்லில் சாமானின் பெயர், மாடல், திகதி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், சாமான் வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் பில்லையும், துகள் ஒட்டிய ஸ்க்ரூவின் படத்தையும், லேத் பட்டறையின் பில்லையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி சிவப்புத் தலை ஸ்க்ரூவை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் திகதியையும் காபரேட்டர் மாடலையும் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள்.