தேய்ந்துபோன ஆர்1 பட்டன்: மூன்று டார்க் சோல்ஸும் நானும்

போன வாரம் கன்ட்ரோலரைச் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் புதுசு மாதிரி இருக்கு தம்பி, இந்த ஒரு பட்டன் மட்டும் எப்படி இவ்ளோ தேஞ்சுது?" என்று கேட்டார். வலது பக்கத்து ஆர்1. டார்க் சோல்ஸ் என்ற வீடியோ கேம் தொடரில் வாள் வீசுகிற பட்டன் அதுதான். "வீட்ல பசங்க விளையாடுறாங்க" என்று சமாளித்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை.

அன்று சாயங்காலமே சித்தி பையன் போன் செய்தான். மூன்று பாகங்களும் தள்ளுபடியில் கிடைக்கிறதாம், அவன் கையில் ஒன்றுக்குத்தான் காசு. "எதுண்ணா வாங்கலாம்?" அவன் அதே நிறுவனத்தின் எல்டன் ரிங் கேமை முடித்தவன். அதில் பல பாஸ்களுக்கு, அதாவது பெரிய எதிரிகளுக்கு, வாசலிலேயே மரிகாவின் சிலை ஒன்று இருக்கும். செத்தால் அங்கேயே எழுந்து மறுபடி உள்ளே போகலாம். அந்தப் பழக்கத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டான். "இதுலயும் செத்தா பக்கத்துலயே எழுந்திருப்போம்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது, அவன் மேல் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த மூன்றையும் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருக்கிறேன். பாஸ்கள்கூட எனக்கு அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. செத்த பிறகு எழுந்திருக்கிற இடமான போன்ஃபயரிலிருந்து பாஸ் வரைக்கும் திரும்பி ஓட வேண்டிய அந்தத் தூரம்தான் என் ஆயுளைத் தின்றது.

2011-இல் வந்த முதல் பாகத்தில் அந்த ஓட்டம் விளையாட்டோடு ஒட்டிப் பிறந்தது. ஆனோர் லோண்டோவில் ஆர்ன்ஸ்டைன், ஸ்மா என்ற இரண்டு பாஸ்களையும் சாய்த்து லார்ட்வெஸல் என்ற பாத்திரம் கைக்கு வரும்வரை, ஒரு போன்ஃபயரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. எங்கே போனாலும் நடைதான். அதனால் ஊர் மனப்பாடமாகிவிடும். மணிக்கூண்டுத் தேவாலயத்துப் பக்கம் ஒரு லிஃப்டில் ஏறி, இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்துகொண்டே இறங்கினால், பல மணி நேரத்துக்கு முன்னால் கிளம்பிய ஃபயர்லிங்க் கோவில் எதிரே நிற்கும். எத்தனையோ கேம் ஆடியிருக்கிறேன். அந்த லிஃப்ட் மாதிரி ஒன்றை மறுபடி பார்க்கவில்லை.

ஆனால் அதே விளையாட்டில்தான் நியூ லோண்டோ என்ற பகுதியும் இருக்கிறது. நான்கு அரசர்கள் என்ற பாஸோடு மோதுவதற்கு முன் அங்கே ஒரு போன்ஃபயர்கூடக் கிடையாது. மேலே ஃபயர்லிங்கில் எழுந்து, லிஃப்டில் இறங்கி, சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் பேய்களைத் தாண்டி, டார்க்ரெய்த் வீரர்களுக்கு நடுவே புகுந்து, சுழல் படிக்கட்டின் அடியில் இருட்டுக்குள் குதிக்க வேண்டும். ஆர்டோரியஸின் மோதிரம் விரலில் இருந்தால்தான் அந்தப் பாதாளத்தில் கால் ஊன்றும். ஒரு தடவை பேய்களுக்குப் பயந்து வேறு மோதிரம் மாட்டியிருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். அவ்வளவு தூரமும் ஓடிவந்து, குதித்து, பாஸின் முகத்தைக்கூடப் பார்க்காமல் செத்தேன். அன்றைக்கு மானிட்டர் தப்பியது முன்னோர் செய்த புண்ணியம்.

2016-இல் வந்த மூன்றாம் பாகம் இந்த விஷயத்தில் தங்கமான பிள்ளை. போன்ஃபயர்கள் தாராளம். சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே தாராளம்: போரியல் நடனக்காரி என்ற பாஸைக் கொன்றதும் ஒரு போன்ஃபயர் வரும், அங்கிருந்து ஏணியில் ஏறினால் உடனே இன்னொன்று. உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி உட்காரச் சொல்கிறார்கள். பாஸ்களைப் பொறுத்தவரை தொடரிலேயே இதுதான் உச்சம். பெயரில்லா அரசனும், 2017-இல் ரிங்டு சிட்டி என்ற கூடுதல் பகுதியோடு வந்த கேல் என்பவனும் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. ஆனாலும் ஒரு பாதையைக்கூட நெட்டுருப் போடவில்லை நான். பாஸ்கள்தான் ஞாபகம் இருக்கிறார்கள்.

இப்போது இரண்டாம் பாகம். 2014. மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.

"இதை முதல் பாகத்தின் இயக்குநர் மியாசாகி இயக்கவில்லை" என்று ஒரே வரியில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஷிபுயாவும் தானிமுராவும் இயக்கியது. அதே தானிமுராதான் பிறகு எல்டன் ரிங்கில் இணை இயக்குநர். இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்து ஒருசேர வீசுவது இரண்டாம் பாகத்தின் சரக்கு, மூன்றில் காணாமல்போய் எல்டன் ரிங்கில் திரும்பி வந்தது. அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் திட்டப் போகிறேன்.

ரோல் அடிக்கும்போது அடிபடாமல் தப்பிக்கும் கண நேரத்தை அடாப்டபிலிட்டி என்ற எண்ணோடு கட்டிவைத்தது யார் யோசனை? உருண்டேன், வாள் என்னைத் தாண்டிப் போனது, ஆனாலும் செத்தேன். அதை ஏற்றினால் உயரும் அஜிலிட்டி 105-ஐத் தொட்ட பிறகுதான் ரோல் ரோலாகிறது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு முப்பது மணி நேரம் ஆனது. பிசியில் இன்னொரு கூத்து. விநாடிக்கு 60 ஃப்ரேமில் ஓடியதால் ஆயுதம் இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்தது. 2015-இல் அதைச் சரிசெய்யும் பேட்ச் வரும்வரை பாதி வழியிலேயே என் வாள் உடைந்துகொண்டிருந்தது. காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் லிஃப்ட் ஏறினால் எரிமலைக் குழம்பில் மிதக்கும் கோட்டைக்குப் போகிறோம், வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரத்துக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. சரி, போகட்டும்.

அந்தக் கோட்டை, அயர்ன் கீப், அங்கேதான் என் கதை. பாலத்தருகே போன்ஃபயர். அதற்கும், ஸ்மெல்டர் டீமன் என்ற பாஸின் வாசலை மூடியிருக்கும் பனித்திரைக்கும் இடையில் நீளமான கத்தானா பிடித்த ஆலோன் வீரர்களும் வில்லாளிகளும். முதல் பாகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, பனித்திரையில் கை வைத்துவிட்டால் போதும். அதற்கு மேல் பின்னாலிருந்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் பாகத்தில் அந்தச் சலுகை இல்லை. பனித்திரையைத் தள்ளிக்கொண்டு நுழையும்போதும் முதுகில் வெட்டு விழும், விழுந்தால் நுழைவு ரத்து. ஆக, ஓடி ஏமாற்ற வழியில்லை. ஒவ்வொருவராகக் கொன்றுவிட்டுத்தான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும். உள்ளே போனால் அந்த எரியும் இரும்புப் பிண்டம் இரண்டே வீச்சில் அனுப்பிவைக்கும். சாகச் சாக அதிகபட்ச உயிரும் பாதி வரை குறைந்துகொண்டே போகும் என்பது தனி அவமானம்.

எத்தனாவது சாவு என்று நினைவில்லை. ஒரு நாள் எழுந்து பாலத்துக்கு வந்தபோது, வழக்கமாக இடதுபக்கம் நிற்பவனைக் காணோம். அடுத்த தடவை வில்லாளி ஒருவன் இல்லை. ஒரே எதிரியை ஒரு டஜன் தடவைக்கு முன்னேபின்னே கொன்றுவிட்டால் அவன் அதன்பிறகு திரும்பி வருவதில்லை. எதிரிகளைக் கொன்று கிடைக்கும் சோல்ஸைக் குவித்து லெவல் ஏற்றுபவர்களுக்கு அது கடுப்பாக இருக்கலாம். எனக்கு அது வேறு மாதிரி இருந்தது. நான் தோற்றுத் தோற்று அந்தப் பாதையைக் காலி செய்துகொண்டிருந்தேன். கடைசி மூன்று நான்கு முயற்சிகளில் அயர்ன் கீப்பில் யாருமே இல்லை. எரிமலைக் குழம்பின் கொதிப்பும் என் காலடிச் சத்தமும் மட்டும். திருவிழா முடிந்து கடைகளை எடுத்துக்கொண்டு போன மறுநாள் தெரு மாதிரி இருந்தது. நடந்தே போனேன், ஓடவில்லை. அன்றைக்குத்தான் டீமன் விழுந்தான்.

இதை நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். கண்டபடி எதிரிகளைக் கொட்டிவைத்து, தாண்டிப்போகும் வழியையும் அடைத்துவிட்டு, அப்புறம் பாவம் பார்த்து ஆட்களைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? நேர்மையாக வரிசை போட்டால் உலகம் முதல் பாகத்தில், சண்டை மூன்றாம் பாகத்தில், எரிச்சல் இரண்டாம் பாகத்தில். தம்பியிடமும் அப்படியே சொன்னேன்: மூணாவதை வாங்கு, போன்ஃபயர் பக்கத்துலயே இருக்கும், பாஸ் ஃபைட் எல்லாம் அட்டகாசமா இருக்கும். பிறகு ரீமாஸ்டர் செய்த முதல் பாகம் விலை குறையும்போது எடுத்துக்கொள். இரண்டாவதைத் தொடாதே. அவனும் சமர்த்தாக மூன்றை வாங்கிவிட்டான்.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன். முதல் பாகத்தில் 140 மணி நேரம், மூன்றில் 190. இரண்டாம் பாகத்தில் 310.

கன்ட்ரோலர் முந்தாநாள் திரும்பி வந்தது. புது ஆர்1 இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அழுத்திப் பழக வேண்டும். சும்மா சோதித்துப் பார்க்கத்தான் இரண்டாம் பாகத்தின் ஸ்காலர் ஆஃப் தி ஃபர்ஸ்ட் சின் பதிப்பைப் போட்டேன். அந்தப் பதிப்பில் அயர்ன் கீப்பில் இன்னும் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள், படுபாவிகள். புது ஆள், முதல் லெவலிலிருந்து. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு நிறுத்தியபோது பாலத்தில் இன்னும் நாலு பேர் பாக்கி.