எலும்பும் ஜவ்வும் உள்ள கறிக்கு ஸ்லோ குக்கர்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கர், டொரண்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வழக்கமாக என்ன கறி வாங்குவீர்கள்? எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறிதான் என்றால் இது உங்களுக்கு வேண்டாம். ஆட்டுச் சப்பை, நல்லி, ஆட்டுக்கால், மாட்டின் தோள்பக்கக் கறி, முற்றிய கோழி என்று பல்லுக்கு வேலை வைக்கிற கறி வாங்குகிற வீடு என்றால், தயங்காமல் வாங்குங்கள்.

காரணம் கறியிலேயே இருக்கிறது. நடந்து, மேய்ந்து, அதிகம் உழைத்த தசைகளில் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஈரச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் ஜெலட்டினாக உருகிக் குழம்பில் கலந்துவிடும். குழம்பு உதட்டில் ஒட்டுவதும், கறி எலும்பை விட்டுக் கழன்று வருவதும் அதனால்தான். கோழி நெஞ்சில் கொலாஜன் மிகக் குறைவு. உருகுவதற்கு ஒன்றுமில்லாததால், நேரம் ஆக ஆகச் சாறு வெளியேறி சக்கைதான் மிஞ்சும். தொடையும் காலும் எலும்போடு போட்டால் லோவில், அதாவது குறைந்த சூட்டு நிலையில், 5 மணி நேரம் வரை நன்றாகத் தாங்கும்.

லோ, ஹை இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. லோவில் அந்த இடத்துக்குப் போக அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்டுக்கறிக்கு நான் எப்போதும் லோதான் வைக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும்போது வைத்தால் வீடு திரும்புகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். எங்களுடையது 6 லிட்டர், 240 வாட். 8 மணி நேரம் ஓடினாலும் 2 யூனிட்டுக்குள்தான் வரும்.

இங்கே கடைகளில் கிடைக்கிற ஆட்டுக்கறி ஊர் வெள்ளாட்டுக் குட்டிக் கறி மாதிரி இருக்காது. ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வருவது ஒரு வகை, உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து ஹலால் கடைகளுக்கு வருவது இன்னொரு வகை. எந்த ஆடு எவ்வளவு முற்றியது என்று வெட்டித் தருபவருக்கே தெரியாது. பிரஷர் குக்கரில் ஒரு வாரம் ஆறு விசிலில் வெந்தது, அடுத்த வாரம் பத்து விசிலிலும் வேகாது. ஸ்லோ குக்கரில் இந்தக் கணக்கு தேவையில்லை. 8 மணி நேரத்தில் இளசும் வெந்திருக்கும், முற்றலும் வெந்திருக்கும்.

மட்டன் குழம்புக்கு நான் செய்வது இது. எலும்போடு ஒன்றரைக் கிலோ சப்பைக்கறி. கழுவி, வடித்து, பேப்பர் டவலால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கறி சட்டியில் வறுபடாது, நீர் விட்டு அவியும். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கறியை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகே திருப்புகிறேன். அதே எண்ணெயில் பட்டை, சோம்பு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடைசியில் ஒரே ஒரு தக்காளி. எல்லாம் சுருண்டதும் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டி, அப்படியே பீங்கான் சட்டிக்கு மாற்றுகிறேன். குழம்பின் ருசியில் பெரும்பங்கு அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. இறைச்சி சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஸ்லோ குக்கருக்குள் அந்தச் சூடு ஒருபோதும் வராது. எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடினால் கறி மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு ருசிதான் கிடைக்கும். காலையில் 20 நிமிடம் இல்லையென்றால் இரவே வறுத்து, ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். மசாலாவை மட்டும் அப்படிச் செய்யுங்கள். அரைகுறையாக வெந்த கறியை ராத்திரி முழுக்க வைத்திருப்பது நல்லதல்ல, அதை வைக்கிற அன்றைக்கே வறுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பிரஷர் குக்கர் கையை மறக்க வேண்டும். மூடியில் படிகிற ஆவி திரும்பத் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டுகிறது, வீணாவது மிகக் குறைவு. கறியும் வெங்காயமும் தங்கள் நீரை வேறு விடும். கறி பாதி மூழ்கினால் போதும். மாலையில் மூடியைத் திறந்து மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் அகலமான வாணலிக்கு மாற்றி, அரைத்த தேங்காய் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விட்டுச் சுண்ட வைக்கிறேன். கறிவேப்பிலையும் அப்போதே இடித்த மிளகும் கடைசித் தாளிப்பில்தான். இலையையும் மிளகையும் காலையிலேயே போட்டால் வாசனை மாலைக்குள் செத்துவிடும். கிராம்பும் அன்னாசிப்பூவும் நேர்மாறு, நேரம் ஆக ஆக ஓங்கும். அதனால் வழக்கமான அளவில் பாதிதான் போடுகிறேன். தேங்காய்ப்பால், தயிர் எதுவானாலும் இறக்கும் நேரத்தில்தான், இல்லாவிட்டால் திரிந்துபோகும்.

ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தபோது அவருக்கு இதைக் கிண்டாமல் விடுவது பெரிய வேதனையாக இருந்தது. மணிக்கொரு தடவை கரண்டியோடு வந்து நிற்பார்.

“கிண்டாம விட்டா அடி பிடிச்சுராதாம்மா?”

“பிடிக்காது அத்தை. சூடு அடியில இல்ல, சட்டியைச் சுத்திப் பக்கத்துல இருந்து வருது. நீங்க திறந்தாத்தான் லேட்டாகும்.”

உண்மைதான். ஒரு தடவை மூடியைத் திறந்தால் இழந்த சூட்டை மறுபடி பிடிக்க 20, 30 நிமிடம் கூடுதலாகிறது. கண்ணாடி மூடி வைத்திருப்பதே வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான். அத்தை ஊருக்குப் போவதற்குள் இதில் ஆட்டுக்கால் பாயா வைக்கப் பழகி, அதற்கு மட்டும் இதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அதே கட்சி.

பாயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாட்டிச் சுத்தம் செய்த கால்களை முதலில் அடுப்பில் மஞ்சள்தூளோடு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, நுரைத்து வரும் நீரைக் கொட்டிவிடுகிறேன். பிறகு ஸ்லோ குக்கரில் கால்கள், வதக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு, பட்டை, ஒரு பச்சை மிளகாய், உப்பு, கால்கள் மூழ்குகிற அளவுக்கு வெந்நீர். இதற்கு மட்டும் தண்ணீர் தாராளம். இரவு 9 மணிக்கு லோவில் வைத்தால் காலை 7 மணிக்கு மூட்டுகள் தானாகப் பிரிந்து கிடக்கும், தோல் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதில் கொஞ்சம் சாறை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மாலையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகியிருக்கும். அதுதான் உருகிய ஜவ்வு. தேங்காயும் கசகசாவும் முந்திரியும் அரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு, இடியாப்பத்தோடு பரிமாறினால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஒரே கஷ்டம் வாசனை. கனடாவின் ஜனவரியில் ஜன்னல் திறக்க முடியாது. ராத்திரி முழுக்கக் கொதிக்கிற மசாலா வாசனை வாசலில் தொங்குகிற கோட்டுகளில் ஏறி, மறுநாள் ஆபீஸ் வரைக்கும் வரும். குக்கரை அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்து, கோட்டுகளை உள்ளறை அலமாரியில் அடைத்துவிடுவது எங்கள் வீட்டு ஏற்பாடு. அடுப்பு நன்றாக ஆறிய பிறகே அதன்மேல் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்தது மாட்டுத் தோள்கறி. கடையில் சக் ரோஸ்ட் என்று கேட்டால் தருவார்கள். முழுத் துண்டாக உப்பும் மிளகும் தடவி எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, அடியில் உருளைக்கிழங்கும் காரட்டும் அடுக்கி, மேலே கறியை வைத்து, லோவில் 8, 9 மணி நேரம். கிழங்குகள் இதில் கறியைவிட மெதுவாக வேகும், அதனால்தான் அவை அடியில், சூடான சட்டியை ஒட்டிக் கிடக்க வேண்டும். இதை முதல் நாள் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். மீந்ததைப் பிய்த்து, பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டுப் பிரட்டினால் மறுநாள் பரோட்டாவுக்குச் சுக்கா. கரீபியன் கடைகளில் ‘ஹார்ட் சிக்கன்’ என்று விற்கும் முற்றிய கோழி, நாட்டுக்கோழிக் குழம்புக்கு ஏங்குகிறவர்களுக்கு நல்ல மாற்று. அதுவும் லோவில் 7 மணி நேரமாவது கேட்கும்.

இந்தப் பாத்திரத்தின் பூர்வீகமும் இறைச்சியும் பருப்பும் சேர்ந்த ஒரு கூட்டுச் சாப்பாடுதான். சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்ற யூதர் 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சபாத்தில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால், முந்தின நாளே சோலண்ட் என்ற அந்தக் கூட்டின் சட்டியை ரொட்டிக் கடை அடுப்பின் சூட்டில் விட்டுவிட்டு வருவார்களாம். அவருடைய அம்மா சொன்ன அந்தக் கதைதான் யோசனைக்கு வித்து. கான்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவர் தொழிலை வாங்கி, 1971-இல் ‘க்ராக் பாட்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கறி வேக வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் தேவை. வெவ்வேறு ஷிப்டில் வேலைக்குப் போய், வெவ்வேறு நேரத்தில் வீடு வந்து சாப்பிடுகிற எங்களுக்கும் அதே தேவைதான். வெந்ததைச் சூடாக மட்டும் வைத்திருக்கும் வார்ம் நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தாலும் குழம்பு கெடாது. கடைசியாக வருகிறவருக்கும் சூடாகவே கிடைக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உறைந்த கறியை நேரடியாகப் போடக்கூடாது. அது பாக்டீரியா பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியைக் கடக்க வெகுநேரம் எடுக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி இளக விடுங்கள். ராஜ்மாவை ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் அரை மணி நேரம் கொதிக்க வைத்த பிறகே இதில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள லெக்டின் நச்சு ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அழியாது. வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். நீங்கள் வெளியே இருந்தபோது கரண்ட் போயிருந்து, எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், கறி வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஆறிய குழம்பை இதில் சூடுபடுத்தவும் கூடாது, அதற்கு அடுப்பு இருக்கிறது.

கழுவுவதில் ஒரே எச்சரிக்கை: சூடான பீங்கான் சட்டியில் குளிர்ந்த நீர் படக்கூடாது, விரிசல் விடும். எங்கள் முதல் சட்டி தொடர்ந்து உழைக்கிறது. மூடியின் கைப்பிடித் திருகை மட்டும் அவ்வப்போது முறுக்க வேண்டியிருக்கிறது.

வாங்குவதாக இருந்தால், நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 6 லிட்டர் சரி. இரண்டு பேருக்கு அதை வாங்காதீர்கள். பாதியாவது நிரம்பாவிட்டால் கறி சீக்கிரம் வறண்டுவிடும், மூன்றரை லிட்டர் போதும். நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறுகிற மாடலாகப் பாருங்கள். ஆப், வைஃபை எல்லாம் தேவையில்லை. வட்டமா நீள்வட்டமா என்று இரண்டு இருந்தால் நீள்வட்டம்தான் எடுங்கள், நல்லி எலும்பை வெட்டாமல் முழுதாகப் படுக்க வைக்கலாம்.