12 வோல்ட்டுடன் ஆறு ஆண்டுகள்

மோட்டார்ஹோம், அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் வோல்ட்மீட்டரைப் பார்த்தே காலம் தள்ளினேன். 12.7 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஈய-அமில பேட்டரி ஓய்வாக இருக்கும்போது இந்தக் கணக்கு ஏறத்தாழச் சரி. ஆனால் வண்டிக்குள் பேட்டரிக்கு ஓய்வு ஏது? குளிர்பெட்டி ஓடினால் எண் இறங்கும், வெயில் அடித்தால் ஏறும். அந்த எண்ணை நம்பி, 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைப் பலமுறை பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன். மூன்றாம் ஆண்டு பிறக்கும் முன்பே இரண்டும் செத்துவிட்டன.

அதன் பிறகுதான் மின்சாரத்தை அளக்கும் ஷன்ட் என்ற கருவியைப் பொருத்தினேன். பேட்டரியின் எதிர்முனைக்கு (மைனஸ்) போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே போக வேண்டும். உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். முதல் இரவே உண்மை தெரிந்துவிட்டது. எதையும் ஓட்டாதபோதும் இன்வெர்ட்டர் சும்மா 15 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 360 வாட்-மணி, அதாவது 30 ஆம்பியர்-மணி. அந்தப் பழைய பேட்டரிகளில் நான் பத்திரமாக எடுக்கக்கூடியதே பாதி, அதாவது 100தான். அதில் மூன்றில் ஒரு பங்கு வீணாகப் போயிருக்கிறது. இப்போது தேவை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிடுகிறேன். புதிய பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் ஷன்ட் வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவ்வப்போது பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யாவிட்டால் ஷன்ட்டின் கணக்கும் மெல்ல மெல்லத் தவறிப்போகும்.

பிறகு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினேன். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி என்றால் 2,560 வாட்-மணி. அதில் பெரும்பகுதியைத் தயங்காமல் எடுக்கலாம். இதில் வோல்ட்மீட்டர் அநேகமாகப் பயனற்றது, ஏனென்றால் கிட்டத்தட்டக் காலியாகும்வரை மின்னழுத்தம் அசையாமல் நிற்கும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைப்பதும் ஆபத்து. இந்தப் பேட்டரி கொடுப்பதையெல்லாம் விழுங்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூடும். இடையில் 30 ஆம்பியரோடு நிறுத்தும் டிசி-டிசி சார்ஜரை வைத்த பிறகுதான் நிம்மதியாக வண்டி ஓட்டினேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது குளிர்பெட்டி. பேட்டரி 80 சதவீதம் இருக்கும், ஆனால் விடியற்காலையில் பெட்டி நின்றுபோயிருக்கும். பெட்டியையே மாற்றிவிடலாம் என்றுகூட எண்ணினேன். கடைசியில் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பெட்டியின் பின்புறம் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: பேட்டரியைவிட ஏறக்குறைய 0.8 வோல்ட் குறைவு. போக 6 மீட்டர், வர 6 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். கிளம்பும்போது 10 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒயரே அவ்வளவு தின்றுவிடும். மின்னழுத்தம் குறைவு என்று பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்த அன்றோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. பெட்டியிலும் குறையில்லை, பேட்டரியிலும் குறையில்லை. எத்தனை பேர் இதே காரணத்துக்காக நல்ல குளிர்பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பார்களோ!

இன்வெர்ட்டர் இணைப்பில் நடந்தது இதைவிடக் கடுமையானது. ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை. பேட்டரி முனையத்துக்கும் ஒயரின் தலைக்கும் நடுவே ஒரு துருப்பிடிக்காத எஃகு வாஷரை வைத்து முடுக்கியிருந்தார்கள், அதுவும் தளர்ந்திருந்தது. அந்த இடத்தில் மின்தடை 0.01 ஓம் இருந்தாலே போதும், 100 ஆம்பியர் ஓடும்போது 100 வாட் வெப்பம் அங்கேயே பிறக்கும். செம்பு நேராக முனையத்தில் படிய வேண்டும். வாஷரும் நட்டும் அதற்கு மேலேதான். அன்றிலிருந்து ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும், எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு முடுக்கிய எல்லா இணைப்புகளையும் சரிபார்க்கிறேன். பயணத்தில் மின்சுமை ஏற்றிப் பத்து நிமிடம் கழித்து, வெப்பமானியால் ஒவ்வோர் இணைப்பையும் பார்க்கிறேன். ஃபியூஸும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டது, ஏனென்றால் அது காக்க வேண்டியது கருவியை மட்டுமல்ல, ஒயரையும்தான்.

கூரையில் உள்ள சோலார் பேனல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசி துடைக்க வேண்டும். ஒரு கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் உற்பத்தி சரிந்துவிடும். வெளி மின்சாரம் எடுக்கும்போது சுருளில் இருக்கும் கேபிளை முழுவதும் விரித்துவிடுங்கள். சுற்றியபடியே அதிக மின்சுமை ஏற்றினால் உள்ளே உருகிவிடும்.

மின் அடுப்புக்கு மட்டும் நான் இன்னும் மாறவில்லை. 1,500 வாட் அடுப்பு பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 130 ஆம்பியர் கேட்கும். என் இன்வெர்ட்டர் ஒயர்கள் அதைத் தாங்கும் பருமன் இல்லை. ஒயர்களையும் ஃபியூஸையும் மாற்றும்வரை சமையல் எரிவாயுவில்தான்.