இரும்பா, தங்கமா, ஊசியா? கட்டியைச் சுடும் வழிகளில் எது தேறும்?

புற்றுக்கட்டிக்குச் சூடு வைப்பது புது யோசனை ஒன்றும் இல்லை. 1957-லேயே கில்கிறிஸ்ட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவும் நிணநீர் முடிச்சுகளுக்குள் இரும்பு ஆக்சைடு துகள்களைச் சேரவிட்டு, வெளியே இருந்து மாறுதிசைக் காந்தப்புலம் கொடுத்து, அந்த முடிச்சுகளை மட்டும் சூடாக்கிக் காட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் இந்தத் துறையில் கட்டுரைகள் குவிந்துவிட்டன. ஆனாலும் இன்றைக்குக் காந்த நானோ துகளால் புற்றுநோய்ச் சிகிச்சை என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அது இன்னும் ஆய்வில் இருக்கிறது" என்பதுதான்.

துகள் சுடாததால் வந்த நிலை இல்லை இது. நன்றாகவே சுடுகிறது. அதே வேலைக்குப் போட்டிக்கு நிற்கும் மற்ற வழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே பேசப்போகும் சூட்டு வழிகள் எல்லாமே ஓரிடத்தில் இருக்கும் கட்டிக்கானவை. உடல் முழுக்கப் பரவிவிட்ட நோயை இவற்றால் துரத்திப் பிடிக்க முடியாது.

சூட்டிலும் இரண்டு ரகம் உண்டு. 41 முதல் 45 டிகிரி வரை ஏற்றினால் செல்லின் பழுதுபார்க்கும் வேலை தடுமாறும். கதிர்வீச்சும் கீமோவும் அந்த நேரத்தில் கூடுதலாக வேலை செய்யும். 60 டிகிரியைத் தாண்டினால் புரதம் உறைந்து செல் அங்கேயே செத்துவிடும். முதலாவது துணைச் சிகிச்சை, இரண்டாவது நேரடி அழிப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒப்பிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு.

இரும்பு: ஆழம் பிரச்சினை இல்லை, எவ்வளவு இரும்பு என்பதுதான் பிரச்சினை

இரும்பு ஆக்சைடு துகள் ஏறக்குறைய 10, 20 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் அதன் குணம் மாறிவிடும். புலம் இருக்கும்வரை காந்தம், புலத்தை எடுத்துவிட்டால் சாதுவான தூசு. அதனால் ரத்தத்திலோ திசுவிலோ ஒன்றையொன்று இழுத்துக் கட்டிக்கொள்ளாது. புலத்தை நொடிக்கு ஒரு லட்சம் முறை திருப்பிப் போட்டால், துகளின் காந்தத் திசை அதற்கு ஈடுகொடுக்கத் திணறும். அந்தத் திணறலில் இழக்கும் ஆற்றல்தான் சூடாக வெளியேறுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் அடுப்பு சுடாமல் பாத்திரம் மட்டும் சுடுவதுபோல, துகள் இருக்கும் இடம் மட்டும் கொதிக்கும்.

இதை ஆய்வகத்திலிருந்து நோயாளி வரைக்கும் கொண்டுபோனது பெர்லின் குழு. ஷாரிட்டே மருத்துவமனையில் தொடங்கிய ஆந்திரேயாஸ் யோர்டானின் வேலை, மேக்ஃபோர்ஸ் என்ற நிறுவனமாக வளர்ந்து, மூளைக்கட்டிச் சிகிச்சைக்காக 2010-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. அப்போதைய நடைமுறை இப்படி: மண்டையோட்டில் சிறு துளை போட்டு, ஸ்கேன் படத்தை வைத்துக் கணக்கிட்ட இடங்களில் துகள் கலந்த கருப்புத் திரவத்தைக் கட்டிக்குள் நேராகச் செலுத்துவார்கள். துகளின் மையம் 12 நானோமீட்டர்தான், மேலே அமினோசிலேன் பூச்சு. வெப்பம் அளக்க ஒரு மெல்லிய குழாயும் உள்ளே இருக்கும். பிறகு நோயாளி தலையைக் கருவியின் இரு முனைகளுக்கு நடுவே வைத்துப் படுக்க வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸ் புலம், ஒரு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு முறை வீதம் ஆறு தடவை, கூடவே கதிர்வீச்சும். துகள் உள்ளேயே தங்கிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் ஊசி போட வேண்டியதில்லை. இது உண்மையிலேயே பெரிய வசதி.

2011-ல் வெளியான முடிவுகளில், பெரும்பாலும் திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப்புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், கட்டி முதல் முறை திரும்பியதிலிருந்து இடைநிலையாக (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 13.4 மாதம் உயிரோடு இருந்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட பழைய எண் 6.2 மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு கிடையாது. அறுவை செய்யத் தகுந்த, ஓரளவு தெம்பான நோயாளிகளையே தேர்ந்தெடுத்துவிட்டு வேறோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். இதே நோய்க்குத் தலையில் மின்முனைகளை ஒட்டி 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலம் கொடுக்கும் வேறொரு முறை, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 695 பேரைக் குலுக்கிப் பிரித்து, இடைநிலை ஆயுளை 16.0 மாதத்திலிருந்து 20.9 ஆகக் கூட்டிக் காட்டியது. அந்தத் தரத்துச் சான்று இரும்பிடம் இல்லை.

அப்புறம் விலை. இங்கே விலை என்று நான் சொல்வது பணத்தை இல்லை. கட்டியிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்துக்குள் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பல்லில் அடைத்த உலோகம், போட்ட உறை எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். அதைவிடப் பெரிய கோளாறு எம்.ஆர்.ஐ. உள்ளே இவ்வளவு இரும்பு இருந்தால் படம் கருத்துச் சிதைந்துபோகும். மூளைக்கட்டி திரும்புகிறதா என்று பார்க்க மருத்துவருக்கு இருக்கும் முதல் கண்ணே எம்.ஆர்.ஐ.தான். சிகிச்சை கொடுத்துவிட்டு அந்தக் கண்ணை மூடிக்கொள்வது என்றால் எந்த நரம்பியல் புற்று மருத்துவரும் யோசிப்பார். மேக்ஃபோர்ஸ் 2022-ல் திவால் மனு கொடுத்தது. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு மருத்துவமனையும் வேறெதற்கும் உதவாத ஒரு பெரிய கருவியை நிறுவ வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, காந்தப்புலம் எந்த ஆழத்துக்கும் போகும் என்பது மட்டுமாவது முழு உண்மையா? முக்கால்வாசி உண்மை. புலம் தடையில்லாமல் போகும்தான். ஆனால் உடலும் மின்கடத்திதான். மாறும் புலம் சதையில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, துகளே இல்லாத இடத்தையும் சூடாக்கும். பிரெசோவிச் என்ற இயற்பியலர் 1980-களில் மனிதர்களின் உடலைச் சுற்றிச் சுருளை வைத்துப் பார்த்து, அதிர்வெண்ணையும் புல வலிமையையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஓர் உச்சவரம்பைச் சொன்னார். இந்தச் சூடு உடற்சுற்றளவோடு வேகமாக ஏறும். அதனால் கைக்கோ தலைக்கோ கொடுக்கிற புலத்தை வயிற்றுக்குக் கொடுக்க முடியாது. எங்கே ஆழம் அதிகமோ, அங்கேதான் புலத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. குறைந்த புலத்தில் போதுமான சூடு வர இன்னும் அதிக இரும்பு வேண்டும். சுற்றிச் சுற்றி அளவுக்கே வந்து நிற்கிறோம்.

தங்கம்: அழகான துகள், ஆனால் ஒளி உள்ளே போகாது

டெக்சஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலாஸும் ஜெனிஃபர் வெஸ்டும் உருவாக்கிய தங்க நானோ ஓடுகள் வேறு வழியில் போகின்றன. சிலிக்கா உருண்டை மேல் மெல்லிய தங்கப் படலம். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை அது விழுங்கிச் சூடாகும். துகளைக் கட்டிக்குள் குத்த வேண்டாம், நரம்பு வழியாக ஏற்றினாலே போதும். 2019-ல் புராஸ்டேட் கட்டிக்கு வெளியான முதற்கட்ட ஆய்வில் சிகிச்சை முடித்த 15 பேரில் 13 பேருக்கு, ஓராண்டு கழித்து, சுட்ட இடத்தில் எடுத்த பயாப்ஸியில் (திசுச் சோதனையில்) புற்று இல்லை. சிறிய எண்ணிக்கை, ஆனால் நேர்மையான அளவுகோல்.

ஒளி சதைக்குள் சென்டிமீட்டர் கணக்கில்தான் போகும். ஆகவே லேசர் இழையை ஊசி வழியாகக் கட்டிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். துகளுக்கு மிச்சப்படுத்திய ஊசி ஒளிக்குத் தேவைப்படுகிறது! இருந்தாலும் புராஸ்டேட் மாதிரி எட்டக்கூடிய, சிறிய இடத்தில் தங்கத்துக்குத்தான் என் ஓட்டு. இரும்பைவிடத் துகளுக்குத் துகள் சூடு அதிகம் கிடைக்கிறது, எம்.ஆர்.ஐ.யும் கெடுவதில்லை.

ஊசி: நானோ இல்லாத எதிரி

இரண்டுக்குமே உண்மையான போட்டி நானோ துறையிலேயே இல்லை. ரேடியோ அலை ஊசி, மைக்ரோவேவ் ஊசி. கல்லீரலில் 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டி என்றால் ஸ்கேன் பார்த்து ஊசியை நிறுத்தி, 60 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சுட்டுவிட்டு எடுத்துவிடலாம். உள்ளே எதுவும் தங்காது. பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ரேடியோ அலையின் பலவீனம். மைக்ரோவேவில் அது குறைவு. கட்டிக்குள் ஊசி போட்டுத்தான் இரும்பைச் செலுத்தப் போகிறோம் என்றால், அந்த ஊசியாலேயே சுட்டு முடித்துவிடலாமே என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்றே ஒன்றுதான்: திரும்பத் திரும்ப, கதிர்வீச்சோடு சேர்த்து, மிதமாகச் சூடாக்க வேண்டிய கட்டிகள்.

அந்த மிதச் சூட்டிலும் பழைய முறை ஒன்று தெம்பாக இருக்கிறது. உடலுக்கு வெளியே ஆண்டெனா வைத்து அந்தப் பகுதியையே சூடாக்குவது. நெதர்லாந்தில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு இந்தச் சூட்டையும் சேர்த்தவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 51 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27. குலுக்கிப் பிரித்த ஆய்வு. துகளே இல்லாமல்!

ஹாஃப்னியம்: கருவி வாங்க வேண்டாம்

கட்டிக்குள் நேரடியாகச் செலுத்தும் உலோக ஆக்சைடு என்ற வகையில் இரும்புக்கு உறவுக்காரன் ஹாஃப்னியம் ஆக்சைடு. இது சூடாக்காது. வழக்கமான கதிர்வீச்சு மேலே படும்போது அதை அதிகமாக வாங்கி, எலக்ட்ரான்களைச் சிதறவிட்டு, கட்டிக்குள் சேதத்தைக் கூட்டும். மென்திசு சார்கோமா என்ற புற்றில் அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்ததில் கட்டி ஏறக்குறைய முழுதும் அழிந்தவர்கள் 16 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8. ஐரோப்பிய அனுமதி 2019-ல் வந்தது. எண் பெரிதில்லை. ஆனால் ஒரே ஓர் ஊசி, அதற்குப் பிறகு மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் கதிர்வீச்சு இயந்திரம். புதுக் கருவி, புது அறை, புதுப் பயிற்சி எதுவும் வேண்டாம். இரும்பு தோற்ற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருந்தைக் காந்தத்தால் இழுப்பது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துகளில் கீமோ மருந்தை ஒட்டி, கட்டிக்கு மேல் காந்தம் வைத்து இழுப்பது. 1996-ல் பெர்லினில் 14 பேருக்கு எபிரூபிசினை இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேரில்தான் துகள் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. இழுக்கும் விசை காந்தத்தை விட்டு விலக விலக மளமளவென்று சரியும். வெளியே இருக்கும் காந்தம் எதையும் தன் பக்கம் இழுக்கும், உடலின் நடுவே ஒரு புள்ளியில் குவிக்காது. தோலுக்கு அடியில் உள்ள கட்டிக்குச் சரி; கணையத்துக்கு உதவாது. காந்தமே இல்லாத லிபோசோம் டாக்சோரூபிசின் (நுண்ணிய கொழுப்புக் குமிழில் அடைத்த கீமோ மருந்து) 1995-லேயே அமெரிக்க அனுமதி பெற்றுப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. லிபோசோமும் கட்டிக்குக் குறிபார்த்துப் போவதில்லை, உண்மைதான். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016 கட்டுரை ஒன்று, ஏற்றிய நானோ துகளில் கட்டியை எட்டுவது இடைநிலையாக 0.7 சதவீதம்தான் என்றது. மீதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். நரம்பு வழியாக இரும்பை ஏற்றிக் கட்டியைச் சுடலாம் என்ற கனவு கலைவதும் இந்த எண்ணில்தான்.

இரும்பு ஜெயித்த இடங்கள்

கட்டியைக் கொல்லும் வேலையை விட்டுவிட்டுச் சில்லறை வேலைகளைப் பார்த்தால் படம் மாறுகிறது. மார்பகப் புற்று அறுவையில், கட்டியிலிருந்து நிணநீர் வடிந்து சேரும் முதல் முடிச்சைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். வழக்கமாக டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்துவார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அணு மருத்துவப் பிரிவு பக்கத்தில் இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. இரும்பு ஆக்சைடு திரவத்துக்கு அந்த அவசரம் இல்லை. முன்கூட்டியே போட்டுவிடலாம், அறுவை மருத்துவர் கையிலுள்ள காந்த உணரி முடிச்சைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு அமெரிக்க அனுமதி 2018-ல் கிடைத்தது. குறை இல்லாமல் இல்லை: தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம், உணரியை வைக்கும்போது உலோகக் கருவிகளை ஒதுக்கிப் பிளாஸ்டிக் கருவி பிடிக்க வேண்டும், மார்பக எம்.ஆர்.ஐ. தேவைப்படும் என்று தெரிந்தவர்களுக்கு யோசித்துத்தான் போட வேண்டும்.

இன்னொன்று உடலுக்கு வெளியிலேயே நடக்கிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய ஏறக்குறைய 50 நானோமீட்டர் காந்தத் துகள்களைக் கொண்டு, எடுத்த ரத்தத்திலிருந்து வேண்டிய டி-செல்களை (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) மட்டும் பிரித்து, மரபணு மாற்றி, பெருக்கி, நோயாளிக்குத் திருப்பி ஏற்றுகிறார்கள். காந்தத்துக்கும் துகளுக்கும் நடுவே இங்கே சதை இல்லை, ஒரு குழாய்ச் சுவர்தான் இருக்கிறது. ஆழம், அளவு, சுழல் மின்னோட்டம் என்று மேலே புலம்பியதில் ஒன்றும் இந்த வேலைக்குப் பொருந்தாது. வேலை செய்கிறது, அவ்வளவுதான்.